தொட்டால்தான் கை கொடுக்க முடியும்

போன நவம்பர் பருவத் தேர்வில் என் துறை மாணவன் ஒருவன் மூன்று தாள் எழுதவில்லை. படிக்காமல் அல்ல. பாடம் நடத்தியவன் நான், அவன் என்ன படித்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குக் கண் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் காலனிப் பையன். நானும் காலனிக்காரன்தான். அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் வரவில்லை. இவ்வளவுதான் நடந்தது.

அப்படி எழுதுகிறவரை ஸ்கிரைப் என்று எங்களுக்குள் சொல்வோம். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் கெஞ்சி நாலு பையன்களை ஏற்பாடு பண்ணியிருந்தேன். முதல் தாளுக்கு ஒருவன் வந்தான், நன்றாகவே எழுதினான். சாயங்காலம் வீட்டில் விசாரித்திருக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைக்கு எழுதிவிட்டு வருகிறாய் என்று. ராத்திரி அவனே போன் பண்ணினான். “அப்பா வேணாங்கறாரு சார்.” ரெண்டாவது தாளுக்குச் சொல்லிவைத்த பையனுக்குக் காலையில் வயிற்றுவலி. மூன்றாவது தாள் பையனுக்கும் வயிற்றுவலி. நாலாவது பையனுக்கும் அதே வயிற்றுவலி. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வயிற்றுவலிக்குப் பிரிவு கிடையாது.

தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் கெட்டவர் இல்லை, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். “சார், உதவிக்கு வர்ற பசங்க. வந்தா உண்டு, வரலேன்னா நாம கட்டாயப்படுத்த முடியுங்களா? அடுத்த வாட்டி அவனையே தெரிஞ்ச ஆளா பாத்துக் கூட்டியாரச் சொல்லுங்க.”

இந்த ‘உதவி’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. முப்பது வருசமாகச் சண்டை.

என் கண் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதையும் ‘விதி’ என்று ஒரு சொல்லில் மூடிவைத்திருக்கிறார்கள். மூன்று வயதில் எனக்கு மணல்வாரி அம்மை போட்டது. அதற்கு முன்னாலேயே பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாறித்தான் நடப்பேனாம். மாலைக்கண். உயிர்ச்சத்து ஏ இல்லாத உடம்பில் மணல்வாரி வந்தால் கருவிழி புண்ணாகிக் கரைந்துவிடும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் விளக்கினார். அன்றைக்கு எங்கம்மா நடவுக்குப் போயிருந்தது. வந்து பார்த்துவிட்டு, தங்கச்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தாய்ப்பாலை என் கண்ணில் பீய்ச்சியது. வேப்பிலை போட்டது. மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டது. நடவு முடியாமல் கூலி வராது, கூலி வராமல் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற முடியாது. நடவு முடிந்து போனபோது டாக்டருக்கு வேலை இல்லை. வாரத்துக்கு ரெண்டு முட்டையும் நேரத்துக்கு ஒரு சொட்டு மருந்தும் கிடைத்திருந்தால் அந்த விதி வேறு வீட்டைப் பார்த்துப் போயிருக்கும். வேறு வீடு என்றாலும் எங்கள் தெருவில்தான் இருந்திருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் நூறு பேருக்கு 2.21 பேர் ஊனமுற்றவர்கள். பட்டியல் சாதிகளில் மட்டும் எடுத்தால் 2.45. இந்தக் கூடுதல் 0.24 எங்கிருந்து வந்தது? எங்கள் ரத்தத்தில் ஏதாவது குறையா? இளம்பிள்ளைவாதக் கிருமி மலம் கலந்த தண்ணீரில் பரவுவது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் அந்தக் கிருமியால் யாருக்கும் நோய் வரவில்லை, சந்தோசம். ஆனால் அதற்கு முன் ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம். சேரியில் கால் சூம்பிய பிள்ளைகளை எண்ணினால் போதும்.

கண் தெரியாதவர்களுக்குள் சாதி இருக்காது என்று ஒரு நல்லெண்ணம் பலருக்கு இருக்கிறது. மேடையில்கூடச் சொல்லியிருக்கிறார்கள், ‘இவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று. நான் படித்த பார்வையற்றோர் பள்ளி விடுதியில் முதல் ராத்திரியே பக்கத்துப் பாய்ப் பையன் கேட்டான். “உங்க ஊட்டாண்ட இன்னா கோயிலு?” சொன்னேன். அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பாய் நகர்கிற சத்தம் கேட்டது. சாதி பார்க்கக் கண் வேண்டாம், காது போதும். காதும் கேட்காதவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள்.

1993இல் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். கண் தெரியாதவனுக்குத் தமிழ், இல்லாவிட்டால் வரலாறு. கணக்கு எனக்கு நன்றாக வரும், அதைக் கேட்டவர் யாரும் இல்லை. ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1995 டிசம்பரில். நான் கல்லூரியை விட்டு வெளியே வரும்போதுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை எல்லாம் நல்ல மனசுதான். பாடத்தை நல்ல மனசுக்காரர்கள் கேசட்டில் படித்துப் பதிந்து கொடுத்தார்கள், நல்ல மனசுக்காரர் பஸ் ஏற்றிவிட்டார், தேர்வை நல்ல மனசுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னோடு படித்த வேறு சாதிப் பார்வையற்ற நண்பர்களுக்கு அக்கா எழுதினாள், சித்தப்பா பெண் எழுதினாள். எங்கள் தெருவில் ப்ளஸ் டூ முடித்தவர்கள் அப்போது ரெண்டே பேர். ஒருத்தர் பெங்களூரில் கட்டட வேலை, இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். எனக்கு வீட்டில் யார் எழுதுவார்கள்? எங்கம்மா கைநாட்டு.

இரண்டாம் ஆண்டுப் பக்தி இலக்கியத் தாளுக்கு ஊர்த்தெருப் பையன் ஒருவன் வந்தான். தாளுக்குப் பத்து ரூபாயும் டிபனும் பேச்சு. நந்தனைப் பற்றிய கேள்வி. எனக்கு அது தேர்வுக் கேள்வி மட்டும் இல்லை. ‘தீயில் மூழ்கச் செய்துதான் நந்தனைக் கோயிலுக்குள் விட்டார்கள், தீயில் இறங்காமல் அவன் நுழைய முடிந்திருக்குமா என்பதைப் புராணம் பேசவில்லை’ என்று சொன்னேன். பேனா ஓடும் சத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது. நான் சொன்ன நீளத்துக்கு அது ஓடவில்லை. எழுத்தைக் காதால் அளக்கிறவன் நான்.

“படிச்சுக் காட்டுப்பா.”

படித்தான். ‘இறைவன் அருளால் சோதியில் கலந்தார்’ என்று எழுதியிருந்தான்.

“நான் அப்படிச் சொல்லலியே.”

“அது தப்புண்ணே. மார்க்கு போயிடும். உங்க நல்லதுக்குத்தான் மாத்துனேன்.”

அடிக்கச் சொன்னேன். அடித்தானா என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. நூற்றாண்டு நூற்றாண்டாக எங்களுக்குப் பதில் அவர்கள்தான் எழுதிவந்தார்கள் என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோமே, எனக்கு அது கருத்து இல்லை. மூன்று மணி நேரம், ஒரு மர பெஞ்சு, பத்து ரூபாய். அந்தத் தாளில் எனக்கு அறுபத்தெட்டு வந்தது. அது என் மதிப்பெண்ணா அவனுடையதா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நல்ல சட்டம். 2016இல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் என்கிறது. ஒருவருக்கு அவருடைய நிலைமைக்கேற்ற மாற்றத்தைச் செய்து தராமல் மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது. 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறை மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தந்தது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கோளாறால் எழுத முடியாத ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காடு ஊனம் இல்லாவிட்டாலும் எழுத ஆள் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இவை எல்லாவற்றையும் நான் மதிக்கிறேன், இவற்றுக்காகத் தெருவில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். இருந்தும் என்ன? ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2020-21இல் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் 4.13 கோடி. அதில் ஊனமுற்றவர்கள் 79,035. ஆயிரத்துக்கு ரெண்டு பேர்கூடத் தேறவில்லை. முந்தின ஆண்டு 92,831 பேர் இருந்தார்கள். கொரோனா ஆண்டு, ஆன்லைன் வகுப்பு. பதிமூன்றாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே போனார்கள் என்று யாரும் தேடிப் போனதாகக் கேள்விப்படவில்லை.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்றால், ஆள் வேண்டும் என்று அது ஒப்புக்கொள்கிறது, அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று யோசிக்கவில்லை. 2018 நெறிமுறை மாணவனே ஆளைக் கூட்டிவரலாம் என்றது. கூட்டிவந்தால் அந்த ஆளின் படிப்பு மாணவனுடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. காப்பி அடிப்பதைத் தடுக்கவாம். அக்கா தங்கை எல்லாம் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் இது ஒரு விதி. முதல் தலைமுறை படிக்கிற வீட்டில் இது ஒரு பூட்டு. இப்போது 2025இல் வந்த புதிய நெறிமுறை, தேர்வு நடத்துகிற அமைப்புகளே எழுதுபவர் குழு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாங்கள் கேட்டது அதைத்தான். ஆனால் அவர்கள் கொடுப்பது எங்கள் மேல் உள்ள சந்தேகத்தால். அந்தக் குழுவில் வயிற்றுவலி வராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நெறிமுறை சொல்லவில்லை.

எங்கள் கையில் ரெண்டு சான்றிதழ் இருக்கிறது. சாதிச் சான்று ஒன்று, ஊனச் சான்று ஒன்று. அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றுதான் வேண்டும். நவம்பரில் நடந்ததை மனுவாக எழுதிக்கொண்டு எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்குப் போனேன். “இது ஊனமுற்றோர் விசயம் சார், அங்க ஒரு செல் இருக்குது பாருங்க” என்றார்கள். அந்தச் செல்லுக்குப் போனேன். “இதுல சாதியக் கொண்டாராதீங்க சார், இங்க எல்லாரும் ஒண்ணுதான்” என்றார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு வராந்தா இருக்கிறது. நாங்கள் இருப்பது அந்த வராந்தாவில்.

2020 ஜூலையில் ஆர்யன் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊனமுற்றவர்களும் சமூக ரீதியில் பின்தங்கியவர்களே, பட்டியல் சாதியினருக்குத் தரும் தளர்வுகளை அவர்களுக்கும் தர வேண்டும் என்றது. நல்லது. ரெண்டுமாக இருப்பவனுக்கு? பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பார்வையற்றவர்களுக்கு வாசகர் படி என்று ஒன்று இருந்தது. 2010 விதிப்படி மாதம் 160 ரூபாயிலிருந்து 240 ரூபாய் வரை. அற்பக் காசுதான், ஆனாலும் ‘வாசகர்’ என்று பெயர் இருந்தது. இவனுக்குப் படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும், அதற்குச் செலவாகும் என்று அரசு ஒப்புக்கொண்டிருந்தது. 2021இல் விதிகளைத் திருத்தினார்கள். இப்போது ஊனமுற்ற மாணவருக்குப் படியில் 10 விழுக்காடு கூடுதல். வீட்டிலிருந்து வந்துபோய் பி.ஏ. படிக்கிறவனுக்கு வருசப் படி 3,000 ரூபாய். பத்து விழுக்காடு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 300 ரூபாய், வருசத்துக்கு. நாளைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

காசு குறைந்தாலும் பெயர் உயர்ந்துகொண்டே போகிறது. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசி எங்களுக்கு ‘திவ்யாங்’ என்று பெயர் வைத்தார். தெய்வீக உறுப்பு உடையவர்களாம். 1930களில் காந்தி எங்களுக்கு வைத்த ‘ஹரிஜன்’ என்ற பெயரை உதற எத்தனை வருசம் ஆனது! கடவுளின் பிள்ளை என்று பெயர் வைப்பவன் மனுசப் பிள்ளைக்குத் தர வேண்டியதைத் தராமல் தப்பிக்கிறான் என்று அப்போதே தெரிந்துகொண்டோம். எனக்கு மட்டும் ரெண்டு தரம் தெய்வத்தன்மை வாய்த்திருக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசு வைத்த ‘மாற்றுத்திறனாளி’ பரவாயில்லை, அதில் சாமி இல்லை. நான் ‘குருடன்’ என்று என்னைச் சொல்லிக்கொள்வேன். நான் சொல்லலாம். ‘பறையன்’ என்பதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஊனமுற்றவனுக்கு ஆள் வேண்டும் என்றால் கை வேண்டும் என்று பொருள். ரோட்டைக் கடக்க என் கையைப் பிடிக்க வேண்டும். கால் நடக்காதவளைத் தூக்கி மாடி ஏற்ற வேண்டும். ஸ்கிரைப் என்றால் தோளோடு தோள் இடிக்க நாலு மணி நேரம் ஒரே அறையில் உட்கார வேண்டும், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்க நேரலாம். உதவி என்று இந்த நாடு எதைச் சொல்கிறதோ அது தொடுவதில் ஆரம்பிக்கிறது. தீண்டாமை தொடாமல் இருப்பதில் ஆரம்பிக்கிறது. ரெண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறவனை நல்ல மனசிடம் ஒப்படைத்தால் நல்ல மனசு என்ன பண்ணும்? கையை நீட்டும், ஊர் பேரைக் கேட்கும், வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே எங்களுக்கு நல்ல மனசு வேண்டாம். சம்பளம் வாங்குகிற ஆள் வேண்டும். தேர்வு அறை மேற்பார்வையாளருக்குப் படி உண்டு. தாள் திருத்துகிறவருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று உண்டு. பெல் அடிக்கிறவருக்கும் தண்ணீர் வைக்கிறவருக்கும் உண்டு. அவர்கள் எல்லாம் உதவிக்கா வந்தார்கள்? ஸ்கிரைப் மட்டும் ஏன் தர்மத்துக்கு எழுத வேண்டும்? பல்கலைக்கழகம் வேலைக்கு வைத்த ஆள் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். அப்போது வயிற்றுவலி விடுப்பு விண்ணப்பமாகிவிடும், காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்த வேலையை முதலில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்கும் ஒரு வருமானம், எனக்கும் நந்தனைப் பற்றி நான் சொன்னது தாளில் ஏறும். கம்ப்யூட்டரில் தானே தட்டச்சுச் செய்கிறவனுக்குத் திரை வாசிப்பானோடு கம்ப்யூட்டர் கொடுங்கள். இந்தக் கட்டுரையை நான் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் என் நல்லதுக்காக எதையும் மாற்றவில்லை.

தோழர்களே, வெளியே இருப்பவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது யோக்கியம் இல்லை. நம் இலக்கியக் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன? பெரும்பாலும் மாடி. வாடகை குறைவு என்பது எனக்கும் தெரியும். ஊன்றுகோலோடு வருகிற தோழர் ஒருவர் கீழே டீக்கடையில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து நாம் இறங்கி வருகிறவரை காத்திருந்ததை நான் அறிவேன். மேலே நாம் விளிம்புநிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நம் புத்தகங்கள், பத்திரிகைகள்? வருசக்கணக்காக ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தோம். யூனிகோடு வந்த பிறகும் அந்தப் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. இல்லாவிட்டால் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிடுகிறோம். திரை வாசிப்பானுக்கு அது வெறும் படம், சத்தமே வராது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற அனுமதி தருகிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். தலித் இலக்கியத்தில் எம்.ஏ. தாள் வைத்திருக்கிற பல்கலைக்கழகங்களில் படிக்கிற கண் தெரியாத தலித் பிள்ளை அந்தத் தாளுக்கான நூல்களை இன்னொருத்தர் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இது அரசு செய்த சதி இல்லை. நாம் கோப்பை எடுத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தீருகிற வேலை.

அப்புறம் நம் மொழி. ‘குருட்டு நம்பிக்கை’, ‘செவிட்டு அரசு’, ‘முடமாக்கப்பட்ட சமூகம்’, ‘ஊமைச் சனங்கள்’. நம் கவிதைகளில், துண்டறிக்கைகளில், ஏன், நானே இருபது வருசத்துக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையில். சாதிப் பெயரை வசைச் சொல்லாக்கினவனை நீதிமன்றத்துக்கு இழுக்கிறோம். என் கண்ணை வசைச் சொல்லாக்கினவனுக்குக் கைதட்டுகிறோம். சாதி வெறியனுக்குக் கண் நன்றாகவே தெரிகிறது ஐயா. நம் வீடு எது என்று இருட்டிலும் தெரிகிறது. அவனைக் குருடன் என்று சொல்லி எங்களை ஏன் அவன் பக்கம் தள்ளுகிறீர்கள்?

ஏப்ரலில் அந்தப் பையன் மூன்று அரியரையும் எழுத வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், எங்கள் பக்கத்துக் காலனிதான். அழகாக எழுதுவாள், சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். தேர்வுப் பிரிவில் பெயர் கொடுத்தேன். அவள் பி.ஏ. முடித்துவிட்டாள், ஆகாது என்றார்கள். ஒரு படி குறைவாக வேண்டுமாம். ப்ளஸ் டூவோடு நின்றவர்கள் எங்கள் தெருவில் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், எல்லாரும் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும். ஒருத்தனுக்கு நேற்று போன் போட்டேன். “மூணு நாளா மாமா?” என்றான். ஷிப்டு மாற்றித் தருவார்களா என்று சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறான்.